மூன்றடி இரண்டங்குலம்

பொகவந்தலாவை டவுனில்
சங்கக் காரியாலயத்தின் தகரத்தைக் கழற்றினோம்.
முப்பத்தொரு வருச மழை உள்ளே இறங்கியிருந்தது.
ஏழு கைமரம் தேறும், என்றேன்,
மிச்சம் அடுப்புக்கு.

சுவரைச் சுரண்டினால்
பச்சைக்குக் கீழே நீலம்,
நீலத்துக்குக் கீழே சிவப்பு.
சங்கம் எத்தனை தடவை உடைந்ததென்று
சுண்ணாம்புக்குத் தெரிந்திருக்கிறது.

என்ஜினியர் மிஸ்ஸும் லயத்துப் பிள்ளைதான்.
மேலே கம்ப்யூட்டர் வகுப்பு,
கீழே பிள்ளை மடுவம்,
சந்தா வாங்கிய ஜன்னல் மட்டும்
அப்படியே இருக்கட்டும் என்றாள்.

அளந்தேன்.
மூன்றடி இரண்டங்குலம்.
தோட்டத்து ஆபீஸ் ஜன்னலும் இதே உயரம்;
அதே ஆசாரி, அதே முழக்கோல் போலும்.
குனியாமல் காசு நீட்ட முடியாது,
நம்முடைய கட்டடத்திலும்.

"இத மட்டும் ஒசத்திருவோம் மிஸ்."
"அது வரலாறு, தங்கரூபன்."
"வரலாறுதான். முதுகு யாருது?"

வாக்குவாதம் முடியவில்லை.
கதவு பொருத்தவில்லை, கரண்டும் வரவில்லை.
இடுப்பில் படங்கோடு உள்ளே வந்தாள்
புஷ்பகாந்தி என்று ஒருத்தி,
கையில் நனைந்த சம்பளத் துண்டு.
"பதினாறு கிலோ எடுத்தேன்,
அரைப்பேர் போட்டிருக்கான்.
இங்கதானே எழுதுவாங்க?"

மேசை இல்லை.
சிமெந்து மூட்டையில் உட்காரவைத்தோம்.
மிஸ் வரைபடத்தைத் திருப்பிப் போட்டு
மண்டியிட்டு எழுதத் தொடங்கினாள்:
பெயர், தோட்டம், டிவிசன், எத்தனை நாள்.
மழைக்கு டார்ச் பிடித்தேன் நான்.

திறப்பு விழா தையில் என்று
பேனருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தார்கள்.