அரைப்பேர்

போத்தலில் நூறு மாத்திரை.
தொண்ணூற்றெட்டு என்றுதான் முதலில் எண்ணினேன்;
இரண்டு மூடிக்குள் ஒட்டிக் கிடந்தன.
அடுத்த பெட்டி எப்போது என்று கேட்டால்
கொழும்புத் தொலைபேசி
கொஞ்ச நேரம் பாட்டுப் போட்டுவிட்டு அறுந்துபோகிறது.

உடம்புக்குள் உப்பைப் பிடித்து வைக்கிற மருந்து.
சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி
ஒரு சுரப்பி இருக்கிறது.
அது வேலையை நிறுத்திவிட்டவர்கள்
டிக்கோயா ஆஸ்பத்திரிக் கணக்கில் நான்கு பேர்.
நான்கே நான்கு பேர்.

சந்தனமேரி, மேல்பிரிவு.
அட்டைக்கென்று முடிந்துகொண்டு போகும் உப்பை
கொழுந்து மலையில் நின்றபடி நக்கித் தின்றவள்.
கறுத்துக்கொண்டே போனாள்.
வெயில் என்றார் கங்காணி.
வெயில் என்றது தோட்டத்து டிஸ்பென்சரி,
ஆறு மாதம் விடாமல் மழை பெய்த வருஷத்தில்.
உள்ளங்கை ரேகைக்குள்ளும் முரசுக்குள்ளும்
வெயில் எப்படிப் போகும் என்று
கடைசியில் ஒரு பயிற்சி டொக்டர்தான் கேட்டாள்.

கவிசன், ஏழு மாதம்.
குடித்த பாலையெல்லாம் கக்கிக் கக்கி
இரண்டு முறை போகப் பார்த்தவன்.
என் விரலைப் பிடித்தால் விடமாட்டான்.

குணவதி, கினிகத்தேனையில் கடை வைத்திருக்கிறாள்,
என்னை நங்கி என்பாள்.

நான்காவது ஆள் கடிதமாக மட்டும் வந்தார்:
ப. லோகிதன், வயது 41,
பதுளைப் பக்கத்திலிருந்து மாற்றம்.

கூட்டம் போட்டார்கள்.
இந்தப் போத்தல் காசுக்கு
எத்தனை பிள்ளைகளுக்குக் காய்ச்சல் பாணி வாங்கலாம் என்றார் கணக்காளர்.
கெட்ட மனிதரில்லை, அவர் கணக்கும் பிழையில்லை.
குழந்தைக்கு முதலில் என்றார் பெரிய டொக்டர்.
சந்தனமேரி விழுந்தால்
அவள் வீட்டில் இன்னும் ஐந்து பேர் விழுவார்கள் என்றார் மேட்ரன்.
சீட்டுக் குலுக்குவோமா என்றார் யாரோ.
சிரித்தோம்.
பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஆளுக்கு இருபத்தைந்து.
நாளுக்குப் பாதி.

நான் லயத்தில் பிறந்தவள்,
அரை என்றால் என்னவென்று தெரியும்.
கிலோ குறைந்த நாளில் அம்மாவுக்கு அரைப்பேர் விழும்.
நின்ற கால் முழுக்கால்,
நனைந்த முதுகு முழு முதுகு,
செக்ரோலில் மட்டும் பாதி.
இப்போது பிளேடு என் கையில்.
சவர பிளேடால் நடுக்கோட்டில் அழுத்தினால்
மாத்திரை சரிபாதியாக உடைவதேயில்லை.
பிளேடில் ஒட்டிய தூள் யாருடைய பங்கு?
அதைத் தட்டிக் கவிசனின் பொட்டலத்தில் போட்டேன்.
அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டாம் வாரம் அவன் மறுபடி கக்கினான்.
அன்று பேரேட்டில் எழுதினேன்:
"ஈரம் பட்டுப் பழுது – 11."
லோகிதனின் உறையிலிருந்து எடுத்த பதினொன்று.
அந்த உறைக்கு முகம் இல்லை,
விரலும் இல்லை.
காகிதத்தை மடித்துத் தாயின் கையில் வைத்தேன்;
அவள் ஏன் என்று கேட்கவில்லை.
கவிசன் இப்போது உட்காருகிறான்.
மறுபடியும் செய்வாயா என்று
என்னிடம் கேட்க வேண்டாம்.

இருபதாம் தேதி லோகிதன் வந்தார்.
மூன்று பஸ் மாறி, குடை இல்லாமல்,
சந்தனமேரி மாதிரியே கறுத்து.
சட்டைப்பையில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய உப்பு.
பாதியைத்தான் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், மிஸ்,
அதில் பாதியும் போதும் என்றார்.

உறையை நீட்டினேன். பதினான்கு.
மிச்சம் ஈரம் பட்டுவிட்டது என்றேன்.
அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.
மழைதானே மிஸ், அதுக்கு என்ன செய்ய, என்றார்.

கையெழுத்துப் போடச் சொன்னேன்.
குந்தி உட்கார்ந்து, முழங்காலில் பேரேட்டை வைத்து,
தகப்பன் பேரில் தொடங்கி
ஓர் எழுத்தும் விடாமல்
முழுப்பேரையும் எழுதினார்.