வரிக்கு இரண்டு ஃபோரின்ட்

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:
"வட்கெர்தி வரியை உடைக்கும் இடத்தில்
மூச்சு நின்றுபோகிறது, கவனியுங்கள்."
நூற்றாண்டு விழா. மூன்றாம் வரிசையில் நான்.
நின்றுபோன மூச்சு எதனுடையது என்று எனக்குத் தெரியும்.
கரி தீர்ந்த அடுப்பினுடையது.

ஐம்பத்திரண்டு, புடாபெஸ்ட், ஜனவரி.
அரசுப் பதிப்பகத்தில் தட்டச்சுக்காரி நான், வயது இருபது.
கெதெயோன் வட்கெர்தி மாடியேறி வருவார்,
கோட்டுக்குள் செய்தித்தாள் சுற்றிய மார்போடு.
நடந்தால் சரசரக்கும்.
அவருடைய சொந்தக் கவிதைகள் இரண்டு தொகுதி.
நூலகங்களிலிருந்து திரும்பப் பிடுங்கி
அட்டைப்பெட்டி ஆலைக்கு அனுப்பிவிட்டார்கள்.
"இப்போது என்னில் முட்டை அடுக்குகிறார்கள்" என்பார்.
சிரிக்கலாமா என்று நாங்கள் கதவைப் பார்ப்போம்.

எழுதக் கூடாது. மொழிபெயர்க்கலாம்.
கொடுத்தது ஒரு நெடும்பாட்டு,
அசோர்ஸ் தீவில் திமிங்கிலம் வேட்டையாடியவன் எழுதியது.
மூலத்தில் அலைக்கு ஒன்பது சொல்.
எங்களிடம் இரண்டு.
அதில் ஒன்று பீர் நுரைக்கும் ஆகும்.
கடலே இல்லாத நாடு,
கடலே பார்த்திராத மனிதர்.
டான்யூப் படகுத்துறையில் போய் நின்று கேட்டாராம்:
"பக்கவாட்டில் வந்து அறைகிற தண்ணீரை
நீங்கள் என்ன சொல்லி அழைப்பீர்கள்?"
படகோட்டி சொன்னதை
நான் தட்டும்போது காது சிவந்தது.
ஆசிரியர் குழு அடித்தது. மறுபடி எழுதினார்.
மறுபடி அடித்தது.
கடைசியில் பீர் நுரையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கூலி, வரிக்கு இரண்டு ஃபோரின்ட்.
நீள வரியும் ஒன்றுதான், குட்டை வரியும் ஒன்றுதான்.
ஒரு மூட்டைக் கரியின் விலையைச் செரேனா
சீட்டில் எழுதிக் கணவரின் கோட்டுப் பையில் போட்டிருந்தாள்.
அவர் சீட்டைப் பார்த்தார். கையெழுத்துப் பிரதியைப் பார்த்தார்.
பிறகு
கடலை
ஒடித்தார்.

விறகு பிளப்பது போல அல்ல.
பசித்த வீட்டில் ரொட்டி பிய்ப்பது போல,
எங்கே பிய்த்தால் துகள் உதிராதோ அங்கே.
தாளை என்னிடம் நீட்டும்போதெல்லாம்
சன்னலைப் பார்த்துக்கொண்டே நீட்டுவார்.

வரி முடியப்போகிறதென்று
யந்திரத்தில் ஒரு சின்ன மணி அடிக்கும்.
ஒரு நாள் அது அடிக்க வெகுநேரம் இருக்கையில்
நானாகவே உருளையைத் தள்ளினேன்.
ஒரு முறை. அதே பக்கத்தில் இன்னும் நாலு முறை.
பத்து ஃபோரின்ட்.
மெய்ப்புத் திருத்தும்போது பார்த்திருப்பார்.
எதுவும் கேட்கவில்லை.
மறுவாரம் என் மேசைமேல் ஓர் ஆப்பிள், பாதி.
வெட்டிய பக்கம் பழுப்பேறியிருந்தது.

அறுபத்து நான்கில் பயண அனுமதி: பல்கேரியா, பத்து நாள்.
வர்னா கரையில் பூட்ஸைக் கழற்றாமல்
நனைந்துகொண்டே நின்றார் என்றாள் செரேனா.
வெகுநேரம் கழித்து வாய் திறந்து,
"மூன்றாம் காண்டம். படகோட்டி சொன்னதுதான் சரி."

மறுபதிப்பு கிடையாது என்றது பதிப்பகம்.
அவர் ட்ராம் ஏறி நூலகம் நூலகமாகப் போய்
பீர் நுரையை அடித்து
அந்த அசிங்கச் சொல்லைப் பென்சிலால் எழுதினார்.
நூலகப் பெண்கள் ரப்பரால் அழித்தார்கள்.
எழுபத்தொன்றில் அவர் இறக்கும்வரை
இரு தரப்பும் சளைக்கவில்லை.
ஒரு கிளை நூலகத்தில் மட்டும் ஒரு பிரதி தப்பியிருக்கிறது.
எங்கே என்று சொல்லமாட்டேன், ரப்பர் இன்னும் இருக்கும்.

மேடையில் உதாரணத்துக்கு ஒரு பக்கம் வாசிக்கிறார்கள்.
"மௌனத்தின் இலக்கணம்" என்கிறார் பேராசிரியர்.
ஐந்து முறிவுகளையும் விரல்விட்டு எண்ணிக் காட்டுகிறார்.
காதுக் கருவியைச் சற்றுக் கூட்டிவைத்துக்கொள்கிறேன்.

எழுந்து சொல்லலாம்தான்.
ஆனால் அது அரசாங்கப் பணம்.
பத்து ஃபோரின்ட்டை
இன்றைக்கும் யாராவது
திருப்பிக் கேட்டாலும்
கேட்பார்கள்.