பளக்கம்

அயர்லாந்து மழையில் கொலையாளி
குடையை மடக்கித் திரும்பும் நொடியில்
சாட்ஸ்வொர்த் முழுக்க இருண்டது.

"பாதிரியார்தான்" என்றாள் லோகாம்பாள்.
"போடி, அந்தாள் தொடைநடுங்கி."
தனபாக்கியம் மட்டும் பேசவில்லை.
பிறகு, சோபாவின் அந்தக் கோடியிலிருந்து:
"கோகி, எண்பத்து மூணுல
உங்கப்பாவுக்கு வந்த மொட்டைக் கடிதாசி
நான் போட்டது."

பக்கத்து வீட்டு ஜெனரேட்டர்
இருமி இருமிப் பிடித்துக்கொண்டது.

"தெரியும்.
'பழக்கம்' என்பதைப்
'பளக்கம்' என்று எழுத
டர்பனிலேயே நீ ஒருத்திதான்."

நாற்பது வருஷம் இதை வைத்துக்கொண்டா
என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய்
என்று அவள் கேட்கவில்லை.
முழங்கையில் கிள்ளினாள்,
நன்றாக வலிக்க.

விளக்கு வந்தபோது
தொடர் முடிந்து செய்தி ஓடியது.
கொலையாளி யாரோ.
தட்டில் கடைசி சமோசாவைக் காணோம்.

லோகாம்பாள்
வாயைத் திறக்காமலே
பாதிரியார்தான் என்று தலையாட்டினாள்.