கேட் போட்டிருந்தாங்க

நீடாமங்கலத்தில் முப்பத்தெட்டு நிமிஷம்
ஏன் நின்னே என்று கேட்டார்,
ஷார்ஜாவிலிருந்து.
"கேட் போட்டிருந்தாங்க,
மன்னார்குடி வண்டிக்கு இன்ஜின் மாத்தினாங்க" என்றேன்.
போனை வைத்த பிறகுதான் உறைத்தது,
நீடாமங்கலம் போனதையே
நான் அவரிடம் சொல்லவில்லை.

என் வேலை பயிர்க் கணக்கெடுப்பு.
வயலில் இறங்கி, சர்வே நம்பரைத் தட்டி,
குறுவையா தாளடியா தரிசா என்று
படம் பிடிக்க வேண்டும்.
படத்தின் மூலையில் அட்சரேகை, தீர்க்கரேகை
தானாக விழும்.
ஒரு வரப்பு தள்ளி நின்றாலும் செயலி ஒத்துக்கொள்ளாது.
அதற்கே நான் வயல்காரரிடம்
"எடுத்துக்கட்டுங்களா" என்று ஒரு வார்த்தை கேட்பேன்.
சிலர் வேண்டாம் என்பார்கள்.
டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வேண்டாம் என்பார்கள்.
திரும்பி வந்து மறுநாள் கேட்பேன்.

ஜெசிமாதான் தேடிப் பிடித்தாள்,
வலங்கைமான் கடையில், பருத்திப்பால் ஆறுவதற்குள்.
அமைப்புகளுக்குள் போய், அதற்குள் போய்,
மூன்றாவது கதவில் என் முகம்,
பக்கத்தில் அவர் முகம்,
கீழே "நீங்கள் நிறுத்தும் வரை."
நானாம்.

இரண்டு வருஷம் நாலு மாசம்.
லீவில் வந்தபோது வாங்கித் தந்த போன்.
திருச்சி ஏர்போர்ட் வாசலில் கையில் கொடுத்து
"எல்லாம் செட் பண்ணிட்டேன்" என்றார்.
அந்த எல்லாத்தில்
நானும் இருந்தேன்.

அன்று ராத்திரி தூங்காமல்
புள்ளி போன இடங்களுக்கெல்லாம்
மறுபடி போய் வந்தேன்.
வெண்ணாற்றில் தண்ணீர் வந்த அன்று
பாலத்தில் சும்மா நின்ற இருபது நிமிஷம்.
கும்பகோணத்தில் பெண் டாக்டர்.
அவரிடம் பல்வலி என்றுதான் சொல்லியிருந்தேன்.
அப்படியா, மாத்திரை போடு என்றார்.
தெரிந்துகொண்டே
மாத்திரை போடு என்றார்.

ஐப்பசியில் வாய்க்கால் உடைத்துக்கொண்ட இரவு
டவர் போய்விட்டது.
இடுப்புத் தண்ணீரில் பாப்பாவைத் தோளில் போட்டு
பள்ளிக்கூடத்து மாடிக்கு ஏறினோம்.
விடிந்து ஒரு கோடு சிக்னல் வந்ததும்
பதினொரு மெசேஜ்.
பத்தில், ஏன் ஆஃப் பண்ணே.
பதினொன்றாவதில்தான் தண்ணீர்.

"உடனே நிறுத்திடாதே" என்றாள் ஜெசிமா.
"நிறுத்துனா அங்க தெரிஞ்சிரும்.
அவங்க அண்ணன் உன் வீட்டுக்கு
எத்தனை நிமிஷத்துல வருவாரு, அதை முதல்ல யோசி."
நாற்றுப் பறிக்க நாள் பார்ப்பதுபோல
இதற்கும் நாள் பார்க்க வேண்டியிருந்தது.
நாலு நாள்
புள்ளியை நல்ல பிள்ளையாக நடத்தினேன்.
வீடு, பால்வாடி, வயல், வீடு.
ஐந்தாம் நாள் திருத்துறைப்பூண்டியில் தம்பி வீட்டில்
கதவைச் சாத்திக்கொண்டு அழைத்தேன்.

பாதுகாப்புக்குத்தானே என்றார்.
"வெள்ளம்னா, ராத்திரி பஸ்னா
நானே அனுப்புறேன்.
ஒரு மணி நேரத்துக்குன்னு அதுலயே இருக்கு.
மத்த நேரம் கேளுங்க, சொல்றேன்.
சில சமயம் சொல்ல மாட்டேன்."

ஒளிக்க என்ன இருக்கு என்றார்.

"ஆறு வருஷமா எனக்கு
ஷார்ஜாங்கிற ஒரு வார்த்தை
போதுமா இருந்துச்சேங்க."

அந்தப் பக்கம் ஏசி ஓடும் சத்தம் மட்டும்.
நான்தான் வைத்தேன். பிறகு
மூன்றாவது கதவைத் திறந்து நிறுத்தினேன்.
உறுதியாகவா என்று கேட்டது போன்.
பரவாயில்லை, இதற்காவது கேட்கிறது.

பன்னிரண்டு நாள் பேச்சில்லை.
பாப்பாவோடு மட்டும் பேசினார்.

இன்று மறுபடி கேட்டில் நிற்கிறேன்.
வெள்ளரிப்பிஞ்சுக்காரி உப்பு தூவித் தருகிறாள்.
நிற்கும் லாரியில் நெல் மூட்டை நனைந்திருக்கிறது.
இன்ஜின் தனியாகப் போகிறது, தனியாக வருகிறது.
போன் அதிர்கிறது:
எங்க இருக்கே?
இரண்டு வருஷத்தில்
அவர் இதைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

கை ஈரம்.
பிஞ்சைத் தின்று முடிக்கட்டும்.