நான்கு வாய் அடுப்பு

தம்பேரேயில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு.
அருங்காட்சியகத்தில் குழாய் உறைந்துவிட்டதென்று
காலை ஏழுக்கே அழைத்துவிட்டார்கள்.
டிக்கெட் வாங்காமல்
பின்வாசல் வழியாகக் கருவிப் பையோடு
பூட்ஸுக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு நுழைந்தேன்,
ஆலைக்காரர்கள் குடியிருந்த மரவீட்டுக்குள்.

இந்த வீட்டில் அப்போது குழாயே கிடையாது.
தண்ணீர் முற்றத்துக் கிணற்றில்,
கழிப்பறை அதே முற்றத்தின் மறுகோடியில்.
இப்போது சுவர்த்தாள் குளிரில் சுருங்கிவிடக் கூடாதென்று
பெஞ்சுக்கு அடியில், பார்வையாளர் கண்ணில் படாமல்,
வெந்நீர் ஓடுகிறது.
மனிதர்கள் இருந்தவரை வராத சூடு
அவர்கள் ஒட்டிவிட்டுப் போன தாளுக்கு வந்திருக்கிறது.
குறையாகச் சொல்லவில்லை.
எனக்கு இதில்தான் சம்பளம்.

நடுவே சமையலறை.
ஒரே அடுப்பு, அதற்கு நான்கு வாய்.
வாய்க்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஓர் அறை.
எலி வளையானாலும் தனி வளை என்பார்கள்.
இங்கே வளை மட்டும்தான் தனி.
புகை பொது, சண்டை பொது,
யார் வீட்டில் இன்று ஹெர்ரிங் மீன், யார் வீட்டில் வெறும் கஞ்சி
என்பதும் பொது.
நான்கு அலமாரியிலும் பூட்டு.
உப்பு ஜாடிக்குக்கூட.

இடதுபக்க அறையில்
நெசவுக்காரி லெம்பி அஹோனியெமி, ஐந்து பிள்ளைகள்,
தரையில் வாடகைக்குப் படுத்த ஒருவன் என்றது அட்டை.
இரவு ஷிப்டு முடிந்து அவன் வரும்போது
பிள்ளைகள் எழுந்த சூடு பாயில் மிச்சம் இருக்குமாம்.
பதினாறு சதுர மீட்டர்.
முட்டி போட்டே நான் அளந்துவிட்டேன்.
என் அடுக்ககம் பத்தொன்பது; ஒற்றை ஆள்.
அதற்கு நான் கட்டும் வாடகையைக் கேட்டால்
லெம்பி தறியை நிறுத்திவிட்டுச் சிரித்திருப்பாள்.
சிரிக்காமலும் இருந்திருப்பாள்.
எனக்கென்ன தெரியும் அவளை?

குழாய் இளகட்டும் என்று
அவள் மேசையில் என் பிளாஸ்க்கை வைத்துக்
காப்பி ஊற்றிக்கொண்டேன்.
பக்கத்தில் இருந்த எனாமல் கோப்பையை நகர்த்தப் பார்த்தேன்.
நகரவில்லை. ஒட்டியிருக்கிறார்கள்.

பத்து மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள்.
பெஞ்சுக்கு அடியில் பாதி உடம்போடு கிடந்தேன்.
முன்பல் விழுந்த பையன் குனிந்து,
"நீ நடிகனா?" என்றான்.
இல்லை, பிளம்பர்.
"அந்தக் காலத்தில் பிளம்பர் உண்டா?"
யோசித்தேன்.
அதற்குள் அவன் ஆசிரியை படம் எடுத்துவிட்டாள்:
வாசனைகூட அப்படியே இருக்கிறதாம்.
அது என் சாக்ஸ்.

வேலை முடிந்து வண்டியைக் கிளப்பிய பிறகுதான்
பிளாஸ்க் ஞாபகம்.
திரும்பிப் போனால் கயிறு கட்டியாகிவிட்டது,
அலாரமும் போட்டாகிவிட்டது.
டிக்கெட் மேசையில் இருந்த வென்லா, நல்ல பெண், சொன்னாள்:
"கயிற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கும் எதையும்
நான் தொடக் கூடாது.
காப்பாளர் செவ்வாய்க்கிழமைதான் வருவார்."
அது என்னுடையது என்றேன்.
அப்படியென்றால் படிவம் என்றாள்.

உரிமையாளர் பெயர்: டௌனோ கிவிலா.
பொருள்: எஃகு, ஒரு லிட்டர், அடியில் நசுங்கல்.
எந்தக் காலத்தது:
போன ஏப்ரல் தள்ளுபடியில்.
இன்னும் பயன்பாட்டில் உள்ளதா?
இதற்கு மேல் பேனா ஓடவில்லை.

கயிற்றின் முன்னால் ஒரு கிழத் தம்பதி
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
என் பிளாஸ்க்கையே பார்த்து நின்றார்கள்.
"பாவம், இதில்தான் குடித்திருக்கிறார்கள்,"
என்றார் அவர்.
அவள் தலையாட்டினாள்.
உள்ளே அரைக் குடுவை காப்பி,
இன்னும் நான்கு மணி நேரமாவது சூடாக இருக்கும்.
நான் வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய் வரை பெட்ரோல் பங்கில் குடித்தேன்.
கோப்பை மூன்று யூரோ.
குழாய் மறுபடி கசியவில்லை.