பூஜ்ஜியம் முடிவுகள்

காலை ஒன்பதேகால்.
மற்றவர்கள் கேன்டீனுக்கு இறங்குகையில்
நான் நேற்றிரவின் தோல்விகளைத் திறக்கிறேன்:
தேடல் பெட்டியில் யாரோ தட்டி
எதுவும் கிடைக்காமல் போன சொற்கள்.

1.52. கூவம். பூஜ்ஜியம்.
1.53. ஆங்கிலத்தில், கே போட்டு. பூஜ்ஜியம்.
1.55. இன்னொரு ஓ சேர்த்து. பூஜ்ஜியம்.
1.58. நாத்தம் புடிச்ச ஆறு சென்னை.
சிரித்துவிட்டேன்.
அதற்கும் பூஜ்ஜியம்தான்.

ஜன்னலைத் திறந்தால்
கேட்காமலே உள்ளே வருகிற ஆறு.
சேப்பாக்கத்தில் எவருக்கும் அதைத் தேடித் தர வேண்டியதில்லை.

இல்லாமலில்லை.
பதினேழு புத்தகம், நான்கு ஆய்வேடு,
துணியில் ஒட்டிய ஒரு வரைபடம்,
மூன்றாம் மாடியில் தூசியோடு நலம்.
ஆங்கிலப் பதிவுகளில்
வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி சி-யில் தொடங்குகிறது.
தமிழ்ப் பதிவுகள் பழைய எழுத்துருவில் அடித்தவை;
இப்போது திரையில்
டாலரும் அடைப்புக்குறியும்
தலைகீழ்க் கேள்விக்குறியுமாய் ஓடுகிறது.

கணினிப் பிரிவுக்கு எழுதினால்
டிக்கெட் பதிவாகிவிட்டது என்று பதில்.
என்னிடமிருப்பது வேளச்சேரி சீசன் டிக்கெட்.
பறக்கும் ரயிலில்
மகனின் ஹெட்போனைக் கடன் வாங்கி
நாற்பத்தாறு வயதில் பைத்தான் படித்தேன்.
போகையில் பாடம். வருகையில் பிழை.

ஒப்பந்த ஊழியர் தமீமா
என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.
"இது கூ, மேடம்.
ஐஸ் அவுஸ் பக்கம் டிடிபி கடையில
ரெண்டு வருஷம் கல்யாணப் பத்திரிகை அடிச்சேன்.
அந்த டாலர் இருக்கே, அது றகரம்."
அவள் சொல்லச் சொல்ல
நான் அட்டவணை போட்டேன்.

முதல் ஓட்டத்தில்
நெடிலெல்லாம் குறிலாகி
கூத்து நூல்கள் அத்தனையும் குத்து ஆயின.
நாடகத்துறையிலிருந்து போன்.
திருத்தினோம். மறுபடி ஓட்டினோம்.
கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்:
சி-யில் தொடங்குவதும் கே-யில் தொடங்குவதும்
கூவமும்
ஒரே தண்ணீர்.

ஆண்டறிக்கைப் படிவத்தில்
வந்த நூலுக்குக் கட்டம் உண்டு,
போன நூலுக்கு, கிழிந்த நூலுக்கு உண்டு.
இதை எங்கே எழுதுவது என்று
தமீமா கேட்டாள்.
அவள் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது.

நேற்றிரவு 2.07. கூவம்.
இருபத்திரண்டு முடிவுகள்.
வரைபடப் பதிவில் பதினொரு நிமிடம்
யாரோ நின்றிருக்கிறார்.
யாரென்று எனக்குத் தெரியாது,
தெரியவும் கூடாது.

2.19. அடயார்.
பூஜ்ஜியம்.

தமீமாவைக் கூப்பிடுகிறேன்.
டீ
ஆறட்டும்.