ஈ

கத்தி வலக்கையில், காயம் இடக்கையில்.
பிளஃப் துறைமுகத்தில் சிப்பி திறக்கும்
எல்லோருக்கும் அப்படித்தான்.
முத்து கிடைக்குமா என்று சுற்றுலா வந்தவர்கள் கேட்பார்கள்.
சேறு கிடைக்கும், வெள்ளிக்கிழமை சம்பளம் கிடைக்கும்
என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுப்பேன்.

செவ்வாய் இரவு மட்டும்
அந்த இடக்கைக்கு வேறு வேலை.

தேவாலயத்து மலிவு விற்பனையில் பதினைந்து டாலர்.
யுகுலேலேயின் முதுகில் யாரோ ஒரு குழந்தை ஒட்டிய பென்குவின்,
உரிந்துபோய்த் தலை மட்டும் மிச்சம்.
நான்கு தந்தி, நைலான்.
முகத்துக்கு அருகே இருப்பது கனத்து ஒலிக்கும் என்று நினைப்போம்;
அது கீச்சென்று மேலே நிற்கும்,
உயர வரிசையில் இடம் மாறி நின்றுவிட்ட பிள்ளை மாதிரி.

தீயணைப்பு நிலையத்து மாடியில் பதினொரு பேர்.
சைரன் ஊதினால் ஒன்பது.
ஃபெர்கஸும் தபால்காரி லோர்னாவும்
வாத்தியத்தை நாற்காலியில் கிடத்திவிட்டுப்
படிகளில் தடதடத்து இறங்குவார்கள்.
பாட்டை நிறுத்த மாட்டோம்.
எரிவது பெரும்பாலும் யாருடைய புகைபோக்கியாவதுதான்.

மொராக் கால்நடை மருத்துவர்,
ஆட்டுக்கு ஊசி போடும் நிதானத்தில் வாசிப்பாள்.
இழுவைப்படகு ஓட்டுபவனுக்குப் பெயர்தான் தாமதி;
எந்தப் பாட்டிலும் எங்களுக்கு முன்னால் ஓடி
கடைசி வரியில் காத்திருப்பான்.

சி எளிது, ஒரே விரல்.
ஏ-வுக்கு இரண்டு.
ஆனால் ஈ!
நான்காம் மெட்டில் மூன்று விரல்
கடைசிப் பேருந்தில் போல நெருக்கியடித்து நிற்க,
ஆள்காட்டி மட்டும் இரண்டு மெட்டு தள்ளித்
தனியாகக் குந்த வேண்டும்.
சிப்பிக்கத்தி கீறிய மோதிர விரல் இதற்கு இசையாது.
என் கையில் ஈ உட்காரவே உட்காராது,
விரட்டாமலே பறந்துவிடும்.

ஆகவே ஒரு வழி வைத்திருந்தேன்.
ஈ வரும்போது தந்தியைத் தொடாமல்
காற்றில் கையை வீசுவேன்.
மற்ற பத்துப் பேர் வாசிக்கிறார்களே,
யாருக்குத் தெரியப்போகிறது?
இரண்டு வருடம் தெரியவில்லை.

ஆகஸ்ட் கடைசி. சிப்பிப் பருவம் முடிந்த விருந்து,
ரக்பி கிளப்பில், இருநூறு பேர்.
வறுவல், பியர், கண்ணாடியில் முட்டும் தென்காற்று.
எங்களுக்கு மூன்று பாட்டு.
மூன்றாவதில், முடிவதற்குச் சற்று முன்,
ஒரே ஒரு ஈ. நான்கு தட்டு.

வந்தது.
கையை வீசினேன்.
எல்லோரும் வீசினோம்.

பதினொரு வாத்தியம், நாற்பத்து நான்கு தந்தி,
ஒன்றுகூட அதிரவில்லை.
எங்கள் ஒருவர் முகத்திலும்
ஈயாடவில்லை.

அந்த நான்கு தட்டு நேரத்தில் கேட்டவை:
குளிர்பெட்டியின் ரீங்காரம்,
எண்ணெயில் எதுவோ பொரிவது,
பின்வரிசையில் ஒரு சிறுவன், "முடிஞ்சிருச்சா?"
மொராக்கைப் பார்த்தேன், அவள் கூரையைப் பார்த்தாள்.
தாமதி, பிறந்ததிலிருந்து முதல்முறையாக,
தாமதித்து நின்றான்.

பிறகு ஏ.
யாரும் எண்ணவில்லை, தலையசைக்கவில்லை,
பதினொரு கையும் ஒரே கணத்தில் இறங்கின.
அப்படி ஒரு ஏ நாங்கள் முன்னும் வாசித்ததில்லை,
பின்னும் இல்லை.
கூட்டம் மேசையைத் தட்டியது.
அந்த நிறுத்தம் பிரமாதம் என்றார் என் மேற்பார்வையாளர்,
எத்தனை நாள் பயிற்சி?
இரண்டு வருடம் என்றேன்.

வெளியே வண்டிகளுக்கு நடுவே யாரும் அதைப் பேசவில்லை.
லோர்னா மட்டும் கார்க்கதவைப் பிடித்தபடி
"நீயுமா?" என்றாள்.
மழை வந்து நனைக்கும்வரை
சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

வீட்டில், சமையலறை விளக்கடியில்,
மோதிர விரலின் பிளாஸ்திரியைப் பிரித்தேன்.
நான்காம் மெட்டு. மூன்று பேரும் ஏறுங்கள், தள்ளி நில்லுங்கள்.
ஒன்று ஒலித்தது.
இரண்டு ஒலித்தது.
மூன்றாவது, மரத்தைத் தட்டியதுபோல், டொக்.
நான்காவது சரி.
இன்னொரு முறை. டொக்.
பூனை எழுந்து அடுத்த அறைக்குப் போனது.
இன்னொரு முறை.